பழைய வேட்டிப் பேயும் பொத்தான் பேட்டரியும்: ஒரு தாயின் ஹாலோவீன் கேள்விக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் ஒருவரின் சம்பளத்தில் நடக்கும் குடும்பம். முதல் வகுப்பில் படிக்கும் 6 வயது மகள், 20 மாத மகன், ஆறு மாதம் தங்கிச் செல்லக் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் ஆகியோருடன், வாசல் நேராகப் புல்வெளியைப் பார்த்திருக்கும் ஒரு தரைத்தள அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள். எதிர்வீட்டு முற்றத்தில் ஹாலோவீன் அலங்காரமாக 12 அடி உயர எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்லை?" என்று மகள் கேட்ட அன்றிரவு தனக்குத் தூக்கமே வரவில்லை என்கிறார். ஹாலோவீனுக்கென்று அவரால் ஒதுக்க முடிந்தது 25 டாலர். அதற்குள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடத் தீர்மானித்துப் பட்டியலும் போட்டிருக்கிறார்: கணவரின் பழைய வேட்டியைக் கஞ்சியில் தோய்த்துப் பலூன்மேல் போர்த்திச் செய்யும் பேய்கள், வாசல் புதர்மீது இழுத்துப் பரப்பும் பஞ்சுச் சிலந்திவலை, மகளே கத்தியால் செதுக்கும் பரங்கிக்காய், அதனுள் ஓர் அகல் விளக்கு, டாலர் கடையில் வாங்கிய பேட்டரி மெழுகுவர்த்திகள், தோழி ஒருவர் சொன்ன உலர் பனிக்கட்டிப் (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) புகை. மாமியாரோ, "விளக்கேத்துற வீட்டுல பேய் பொம்மை எதுக்கும்மா?" என்கிறார். இவற்றில் எதைச் செய்யலாம், எதை விடலாம், மாமியாருக்கு என்ன சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாதி வேதனை அதைச் சுற்றியே இருக்கிறது. ஹோம் டிப்போ கடைகள் 2020-இல் 299 டாலர் விலையில் கொண்டுவந்த பொருள் அது. அதை வாங்கி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆசைக்காக நிறுத்தும் பெரியவர்கள். உங்கள் மகள் கேட்டது எலும்புக்கூட்டை அன்று; தன் வீட்டு வாசலிலும் ஏதாவது இருக்க வேண்டும் என்பதைத்தான். வேடமிட்ட குழந்தைகள் வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலையில் வாசல் விளக்கு எரிந்து, கதவருகே ஏதேனும் ஓர் அலங்காரம் இருந்தால், "இந்த வீட்டு மணியை அடிக்கலாம்" என்று அமெரிக்கத் தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் புரியும். அந்த அழைப்பைத் தருவதற்கு 25 டாலர் தாராளமாகப் போதும். ஆகவே குழந்தைக்குக் குறை வைக்கிறோம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அம்மாவும் பாட்டியும் தரையில் உட்கார்ந்து தன்னோடு வெட்டி ஒட்டிய இரண்டு மாலைப் பொழுதுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதைப் பல குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனால் ஓரிடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. "நாமே வீட்டில் செய்வதால் பயமில்லை" என்று கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். கடையில் விற்கும் பொம்மையை, எத்தனை மலிவானதாக இருந்தாலும், உடையும் பாகங்களுக்காகவும் தீப்பற்றும் தன்மைக்காகவும் யாரோ ஒருவர் சோதிக்க வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. நாம் செய்யும் பொருளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அந்த வேலையும் நம்மையே சேர்கிறது. அதிலும் தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் உங்கள் மகன் இருக்கிறான். உங்கள் பட்டியலை அவனுடைய கண்மட்டத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்திலிருந்து, ஒருமுறை பார்ப்போம்.

பேட்டரி மெழுகுவர்த்திகள்

உங்கள் பட்டியலில் மிகவும் பாதுகாப்பானது என்று நீங்கள் நினைத்திருக்கும் பொருளே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. "தீ இல்லை, சூடு இல்லை, அதனால் தம்பி கைக்கு எட்டினாலும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறிய மெழுகுவர்த்தியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் நாணயம்போல் ஒரு வட்ட பேட்டரி. பெரும்பாலும் அது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகையாக இருக்கும், அந்த அளவு சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்குச் சரியாகப் பொருந்தும். சிக்கிய பேட்டரியிலிருந்து மருந்து கசிவதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. ஈரமான தசை பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றை முழுமையாக்கிவிடுகிறது. எதிர்மின் முனை தொடும் இடத்தில் கடுமையான காரம் உருவாகித் தசையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெருங்காயம் ஏற்படலாம். விளக்கை எரியவைக்கத் திராணியில்லாத "தீர்ந்துபோன" பேட்டரியிலும் இதற்குப் போதிய மின்சாரம் மிச்சம் இருக்கும்.

இப்படி உயிரிழந்த ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் பெயரால் 2022-இல் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய பேட்டரி உள்ள பொருள்களின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகள் செய்தால்தான் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பழைய சரக்கிலும், தோழியர் கொடுக்கும் போன வருடத்து விளக்குகளிலும் அது இருக்காது. நகத்தால் நெம்பினால் திறக்கும் மூடி எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சாதாரண டபுள்-ஏ பேட்டரியில் எரியும், திருகாணி போட்ட பெட்டியுள்ள எல்.இ.டி. விளக்குச் சரம் ஒன்று வாங்குங்கள். உங்கள் செலவில் கணிசமான தொகை இதற்கே போகட்டும் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

ஒருவேளை மகன் விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். எச்சில் வடிவதும், இருமலும், சாப்பாட்டை மறுப்பதும் சிலருக்கு வரும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புறப்பட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அவன் ஒரு வயது தாண்டியவன் என்பதால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் காயத்தின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் தேனைத் தேடுவதற்காகப் பயணம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேனைத் தவிர உணவோ பானமோ எதுவும் தர வேண்டாம். அமெரிக்க நச்சு உதவி எண்ணான 1-800-222-1222 இரவும் பகலும் இயங்குகிறது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அகல் விளக்கு

வருடம் முழுவதும் பூஜை அலமாரியில் விளக்கேற்றும் பழக்கம் இருப்பதால் பரங்கிக்காய்க்குள் அகல் வைப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். பூஜை விளக்கருகே நிற்பது நீங்கள், அதன் பழக்கமும் உங்களுக்கு உண்டு. அன்று மாலை உங்கள் வாசலுக்கு வரப்போவது, காலைத் தடுக்கும் அங்கியும், தோளில் பறக்கும் துணியும், பார்வையைப் பாதி மறைக்கும் முகமூடியும் அணிந்த, உங்களுக்கு முன்பின் தெரியாத குழந்தைகள். பரங்கிக்காயின் முகத்தை எட்டிப் பார்க்க அவர்கள் குனிவார்கள். காயின் உட்புறம் ஈரமாக இருப்பதால் காய் எரியாது, அங்கி எரியும். அக்டோபர் கடைசியில் வாசலில் குவியும் காய்ந்த இலையும் அப்படியே. மேலே சொன்ன விளக்குச் சரத்தில் ஒரு பகுதியைக் காய்க்குள் சுருட்டி வைத்தால் போதும், பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. அகலைப் பூஜையறையிலேயே ஏற்றுங்கள்.

கஞ்சிப் பேய்

உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் மாற்றச் சொல்வது பலூனை மட்டும். உடைந்த பலூனின் ரப்பர்த் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாய் வாயில் தோல்போல் ஒட்டி மூடிவிடும். 8 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் ஆபத்து என்ற எச்சரிக்கை பலூன் உறையிலேயே இருக்கும். பலூனுக்குப் பதிலாக, காலியான இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, அதன் வாயில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து டேப் போடுங்கள். அதுதான் தலை. துணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள்.

சோறு வடித்த கெட்டியான கஞ்சி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஒரு குவளைத் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சோளமாவு என்ற கணக்கில், முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை கிளறி இறக்குங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கொதிக்கும் கஞ்சி தண்ணீரைப்போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே மகளைக் கூப்பிடுங்கள். ஒரு முழம் நீள அகலத்தில் கிழித்த வேட்டித் துண்டை அதில் தோய்த்து, அதிகக் கஞ்சியை இரு விரலால் வழித்து, பந்தின்மேல் போர்த்துங்கள். மடிப்புகளை அவள் இஷ்டத்துக்குச் சரிசெய்யட்டும். பேய்க்கு இடுப்பு வேண்டும், கை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும், தோன்றட்டும். ஓர் இரவு காய்ந்த பிறகு உள்ளிருந்து பாட்டிலை மெதுவாக உருவிவிட்டால், மொடமொடவென்று தானே நிற்கும் வெள்ளை உருவம் கிடைக்கும். கண்ணுக்குக் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டுங்கள். பொத்தானோ, கடையில் விற்கும் உருளும் பிளாஸ்டிக் கண்ணோ வேண்டாம்.

எந்தத் துண்டு மகனுக்கு ஆபத்தானது என்று அறிய உங்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது: டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழல். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ளுங்கள். அதே குழலில் இரண்டு கண்வடிவ ஓட்டை வெட்டி, உள்ளே ஒளிக்குச்சி ஒன்றைப் போட்டுப் புதருக்குள் ஒளித்துவைத்தால், இருட்டில் முறைக்கும் கண்களாகவும் ஆகும். ஒளிக்குச்சியைக் குழந்தைகள் கடித்து உடைப்பது உண்டு. உள்ளிருக்கும் திரவம் வாயை எரியச் செய்யும், பெரும்பாலும் அதற்கு மேல் தீங்கு செய்யாது. வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்து, முன் சொன்ன எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சித் துணி மழையில் தொய்ந்துவிடும், ஆகவே கூரை மறைவிலோ சன்னலுக்கு உட்புறத்திலோ வையுங்கள். காய்ந்த பருத்தித் துணியும் காகிதமும் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பிலிருந்தும் ஹீட்டரிலிருந்தும் 3 அடி விலகியிருக்க வேண்டும். சுவரடி ஹீட்டர்கள் அக்டோபரில்தான் மீண்டும் சூடேறத் தொடங்குகின்றன. கோடை முழுவதும் அவற்றின்மேல் பொருள் வைத்துப் பழகிய கை, காகித வௌவாலையும் அங்கேயே தொங்கவிடப் பார்க்கும்.

பரங்கிக்காயை வெட்டுவது யார்

பீன்ஸ் நறுக்கப் பழகிய மகள் பரங்கிக்காயையும் செதுக்கிவிடுவாள் என்று நம்புகிறீர்கள். பீன்ஸ் வெட்டும்போது கத்தி பலகையில் முடிகிறது. பரங்கியின் கெட்டித் தோலில் அழுத்திக் குத்தும்போது கத்தி சட்டென்று வழுக்கி, காயைப் பிடித்திருக்கும் மற்றக் கையில் முடிகிறது. விரலின் தசைநாரும் நரம்பும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன; அவை அறுந்தால் பெரியவர்களுக்கே அறுவை சிகிச்சையும் பல வாரப் பயிற்சியும் தேவைப்படும். சிறு குழந்தைகள் செதுக்கவே கூடாது, முகத்தை அவர்கள் மார்க்கரால் வரையட்டும், வெட்டுவதைப் பெற்றோர் செய்யட்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. நீங்களும் சமையல் கத்தியை எடுக்காமல், ரம்பம்போன்ற குட்டைப் பல்கத்தியால் சிறிது சிறிதாக அறுங்கள். உள்ளே விரலை விட்டு விதையைச் சுரண்டி எடுக்கும் வேலை மகளுடையது. செதுக்கிய காய் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்துத் தளர்ந்துவிடும் என்பதால் 29-ஆம் தேதிக்கு முன் கத்தியைத் தொட வேண்டாம். செதுக்காமல் வண்ணம் மட்டும் பூசிய காய் வாரக்கணக்கில் நிற்கும். என் விருப்பத்தைக் கேட்டால், இந்த வருடம் வண்ணம் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதையை மஞ்சள்தூள், உப்பு, மிளகாய்த்தூள் புரட்டி ஓவன் அடுப்பில் வறுத்துச் சாப்பிட ஆசைப்பட்டுக் காயை வெட்டினீர்களானால், அதில் மகனுக்குப் பங்கு கிடையாது. அவன் வயதில் விதை மூச்சுக்குழாய்க்குப் போகும்.

மற்றவை

பஞ்சுச் சிலந்திவலையை வெளிப்புதரில் பரப்பாதீர்கள். சிறு பறவைகள் அதில் சிக்கிச் சிறகை உதறி உதறி மாண்டுபோகின்றன. தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும் பொருளும் அதுவே. தடித்த வெள்ளைக் கம்பளி நூலால் சன்னலின் உட்புறத்தில் வலை பின்னுங்கள். உலர் பனிக்கட்டி வேண்டவே வேண்டாம். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் அது தொட்ட விரலை உறையவைத்துப் புண்ணாக்கும், சன்னல் மூடிய வீட்டில் கரியமில வாயுவையும் நிரப்பும். கதவில் ஆணி அடிப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நீலநிற பெயிண்டர் டேப் போதும், வெளியேறும் வழியையும் படியையும் எதுவும் அடைக்கக் கூடாது. ஒரு கேலன் பால் குடங்களைக் கழுவி, முகம் வரைந்து, பின்பக்கத்தில் நீங்கள் வெட்டிய துளை வழியே விளக்குச் சரத்தை விட்டால் பாதையோரம் ஒளிரும் பூதங்கள் கிடைக்கும். காற்றில் உருளாமலிருக்க அடியில் ஒரு கைப்பிடி மணல்.

உங்கள் மாமியாரின் தயக்கம்

இது நம்பிக்கை சார்ந்தது. மருத்துவனாக நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவர் மனம் நோகச் செய்யவும் வேண்டாம். ஆனால் அவர் நினைப்பதைவிட இந்தப் பழக்கம் அவருக்கு அருகிலேயே இருக்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சாவ்வின் இரவில் ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் அந்த நாளை ஒட்டி, டர்னிப் கிழங்கில் கோர முகம் செதுக்கி விளக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் இங்கே கிடைத்த, பெரியதும் குடைய எளியதுமான பரங்கிக்காய்க்கு மாறினார்கள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள். அதன் முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். அதற்கடுத்த நாள் நம்மூர்க் கல்லறைத் திருநாள். புது வீட்டு வாசலில் கண்ணும் பல்லும் மீசையும் வரைந்து நாம் கட்டுகிற திருஷ்டிப் பூசணிக்காயை அவருக்கு நினைவுபடுத்துங்கள். கெட்டது உள்ளே வரக் கூடாது என்றுதானே அந்த முகத்தைக் கட்டுகிறோம்?

அதற்குப் பிறகும் அவருக்கு ஒப்பவில்லை என்றால், எலும்பும் கல்லறைப் பலகையும் இல்லாமல், பரங்கி, பூனை, வௌவால், சிலந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறைப் பக்கம் எதுவும் வர வேண்டாம். வாசலில் சிலந்திவலையைக் கோலமாகப் போட்டுத் தரும்படி அவரையே கேளுங்கள். எட்டு ஆரமும் சுற்றுக்கோடுகளும் அவர் கைக்கு ஒரு நிமிட வேலை, பேத்தி வாய் பிளந்து பார்ப்பாள். இந்த மென்மையான அலங்காரம் மகனுக்கும் நல்லது. கற்பனை எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாத வயது அவனுடையது. அலறும் பொம்மையும் கோர முகமூடியும் அவன் தூக்கத்தைக் கெடுக்கும். அப்பாவின் வேட்டி கஞ்சியில் நனைந்து பேயாக மாறுவதை அவன் கண்ணெதிரே செய்யுங்கள், பயம் குறையும்.

கடைசியாகச் சில நடைமுறைகள். ஒரு சிறிய பரங்கியை நீலப்பச்சை வண்ணத்தில் பூசி வாசலில் வைத்தால், "உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இங்கே மிட்டாய் அல்லாத பரிசு உண்டு" என்று பொருள். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் இது, பென்சிலும் ஸ்டிக்கரும் மிட்டாயைவிட மலிவு. அக்டோபர் 30 இரவை நியூ ஜெர்சியில் குறும்பு இரவு என்பார்கள். முட்டை எறிவதும் மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவதும் நடக்கும், அன்று மாலையே பேய்களையும் பரங்கியையும் உள்ளே எடுத்துவையுங்கள். செதுக்கி வெளியில் நின்ற காயைச் சாம்பாருக்கு எடுக்காமல் உரக்குழிக்கு அனுப்புங்கள். கஞ்சிப் பேய்களை ஈரமில்லாத அட்டைப்பெட்டியில் போட்டு, விளக்குச் சரத்தின் பேட்டரிகளைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். அடுத்த அக்டோபரில் உங்கள் மகனுக்கு இரண்டரை வயது தாண்டியிருக்கும். காகிதக் கண்களை ஒட்டுகிற வேலையை அவனிடம் கொடுக்கலாம்.